மைத்தடம் சொன்னது எத்தனை நாள் செல்லும்?

பி.எட். படித்த யாரைக் கேட்டாலும் ரோர்ஷாக் மைத்தடச் சோதனை என்ற பெயர் தெரிந்திருக்கும். கல்வி உளவியல் தாளில், ஆளுமையை அளவிடும் முறைகள் என்ற பாடத்தில் ஒரு பத்தி வரும். சுவிட்சர்லாந்து மருத்துவர் ஒருவர் உருவாக்கியது, மொத்தம் 10 அட்டைகள், ஐந்தில் கறுப்பும் சாம்பலும் மட்டும், இரண்டில் சிவப்பும் சேரும், மூன்றில் பல வண்ணம். அட்டையில் உள்ள மைத்தடம் எது மாதிரித் தெரிகிறது என்று சோதனைக்கு வந்தவர் சொல்ல வேண்டும். தேர்வுக்கு அவ்வளவு போதும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று திரும்பிய பக்கமெல்லாம் கல்வியியல் கல்லூரி இருக்கிற மாவட்டம் நம்முடையது. இந்தப் பத்தியை மனப்பாடம் செய்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஆனால் அந்தப் பத்தி தொடாத கேள்வி ஒன்று உண்டு. இன்று ஒருவரிடம் இந்தச் சோதனையை நடத்தி ஒரு முடிவுக்கு வருகிறோம். அதே ஆளிடம் மூன்று மாதம் கழித்தோ மூன்று வருடம் கழித்தோ மறுபடி நடத்தினால் அதே முடிவு வருமா?

இதை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் நம் வீட்டு பீரோக்கள். ஒரு காகிதம் ஒரு தடவை உள்ளே போய்விட்டால் லேசில் தூக்கிப் போட மாட்டோம். பத்திரம், ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சான்று, பழைய எக்ஸ்ரே இவற்றோடு உளவியல் அறிக்கையும் கிடக்கும். கல்யாணப் பேச்சு, விவாகரத்து வழக்கு, வெளிநாட்டு வேலை என்று ஏதாவது வரும்போது அது வெளியே வரும். ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய ஒரு வரியை வைத்து இன்றைக்கு இருக்கிற மனிதரை எடை போடுவார்கள். அறிக்கையின் மேல்மூலையில் தேதி இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. என் பார்வையில், ஒரு மைத்தட அறிக்கையில் முதலில் படிக்க வேண்டியதே அந்தத் தேதிதான்.

மைத்தடம் என்றதும் கிராமங்களில் பெரியவர்களுக்கு வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது. களவு போன நகை எங்கே, வீட்டை விட்டுப் போன பிள்ளை எந்தத் திசையில் என்று பார்ப்பார்களே, அது. சோதனைக்கு அழைத்து வரப்பட்ட சிலர் இதை நினைத்தே பயந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மை போட்டுப் பார்க்கிறவர் சொல்வதைச் சரிபார்க்க வழி கிடையாது. ரோர்ஷாக் சோதனையில் அட்டையைப் பார்த்துச் சொல்பவர் சோதனைக்கு வந்தவரே. அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் எழுதப்படுகிறது. எழுதியது இருப்பதால் இன்னொருவர் அதை மதிப்பிட்டுப் பார்க்கலாம். இன்னொரு நாள் மறுபடி எடுத்து ஒப்பிடலாம். நூறு வருடமாக அப்படி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த விடை ஒரே விடையாக இல்லை.

ஹெர்மன் ரோர்ஷாக் 1884-இல் சூரிச்சில் பிறந்தவர். ஹெரிசாவ் என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, நோயாளிகளும் மற்றவர்களுமாக 405 பேரின் பதில்களை வைத்து 1921-இல் தன் புத்தகத்தை வெளியிட்டார். அடுத்த ஏப்ரலில் குடல்வால் வெடித்து, வயிற்றுக்குள் சீழ் பரவி, 37 வயதில் இறந்துபோனார். அவர் அதை ஆளுமைச் சோதனை என்பதைவிட, மனிதர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறியும் ஒரு பரிசோதனையாகவே எழுதினார். அதே ஆட்களிடம் காலம் விட்டு மறுபடி எடுத்துச் சரிபார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. அவருக்குப் பிறகு அமெரிக்காவில் பெக், கிளாப்ஃபர், ஹெர்ட்ஸ், பியோட்ரவ்ஸ்கி, ராப்பப்போர்ட் என்று ஆளுக்கொரு முறை வகுத்தார்கள். அட்டைகள் அதே 10. மதிப்பெண் போடும் விதம் ஐந்து. ஜான் எக்ஸ்னர் 1969-இல் இந்த ஐந்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு எழுதினார். பிறகு 1974-இல் எல்லாவற்றிலும் தேறியதை எடுத்து ஒருங்கிணைந்த முறை ஒன்றைக் கொண்டுவந்தார். ஆகவே 'மைத்தடச் சோதனை நம்பகமானதா' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த முறை, எந்த மதிப்பெண், எவ்வளவு கால இடைவெளி என்று கேட்க வேண்டும்.

சொன்னது மாறலாம், மதிப்பெண் நிற்கலாம்

உண்மையான அட்டைகளில் பொதுவாக மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நாளைக்கு இந்தச் சோதனை தேவைப்படுகிற ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். முட்டத்தில் ஒரு மனநல விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசும்போது, நோட்டுத் தாளில் பேனா மையைச் சொட்டி, மடித்து விரித்து நானே ஒரு தடம் செய்து காட்டினேன். முன்வரிசையில் இருந்த வயசான மீனவர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்தார். "இது திரச்சில்லா! வாலத்தான் காணல" என்றார். திருக்கையைத்தான் நம் கடற்கரையில் அப்படிச் சொல்வது. சாயா குடித்துவிட்டு வந்தபின் அதே தாளைத் திரும்ப நீட்டினேன். கொஞ்சநேரம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இப்பம் பாத்தா ஞண்டு மாதிரி இருக்கு. ரெண்டு பக்கமும் காலு தெரியுதுல்லா" என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் பதில் மாறிவிட்டது என்றார்கள். மதிப்பிடுகிறவர் கண்ணில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அவர் இரண்டு தடவையும் தடம் முழுவதையும் எடுத்துக்கொண்டார், ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவையும் உருவத்தை வைத்தே சொன்னார். மையின் அடர்த்தியையோ அசைவையோ சொல்லவில்லை. இரண்டும் உயிரினம். இரண்டும் அந்தத் தடத்தின் வடிவத்துக்குப் பொருந்துகிற பதில். இதெல்லாம்தான் குறியீடாக ஏட்டில் ஏறும். நிஜச் சோதனையில் எல்லா அட்டைகளையும் காட்டி முடித்த பிறகு, முதலிலிருந்து ஒவ்வொரு பதிலாக எடுத்து, அதை எங்கே பார்த்தீர்கள், எது அப்படித் தோன்ற வைத்தது என்று கேட்பார்கள். அந்த இரண்டாம் சுற்றில்தான் குறியீட்டுக்கு வேண்டிய பாதி விவரம் கிடைக்கும்.

எக்ஸ்னர் இதைக் குழந்தைகளிடம் சோதித்து 1980-இல் எழுதினார். எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சோதனை எடுத்து, சில நாளில் மறுபடி எடுத்தார்கள். பாதிப் பிள்ளைகளிடம், போன தடவை சொன்னதைச் சொல்லக்கூடாது, புதிதாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். பிள்ளைகளும் அப்படியே புதுப்புதுப் பதில்களைச் சொன்னார்கள். ஆனால் குறியீடுகளைக் கூட்டிப் பார்த்தபோது பெரும்பாலான மதிப்பெண்கள் முதல் தடவைக்கு நெருக்கமாகவே இருந்தன.

நினைவில் வைத்துக்கொண்டு திரும்பச் சொல்வதால்தான் மதிப்பெண் நிற்கிறது என்ற சந்தேகத்தை வேறொரு வழியிலும் சோதித்திருக்கிறார்கள். டக்ளஸ் கெல்லி என்ற மனநல மருத்துவரும் கூட்டாளிகளும் 1941-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னதிர்ச்சி சிகிச்சைக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் சோதனை எடுத்தார்கள். சிகிச்சைக்குப் பின் அந்த நோயாளிகளுக்கு முதல் சோதனை நடந்ததே ஞாபகம் இல்லை. அப்படியும் இரண்டு பதிவுகளும் வெகுவாக ஒத்திருந்தன. இதே கெல்லிதான் பிறகு நியூரம்பெர்க் சிறையில் நாஜித் தலைவர்களுக்கு இந்த அட்டைகளைக் காட்டியவர்.

இந்த மாதிரி ஆய்வுகளைப் படித்தால் சோதனை பாறை மாதிரி உறுதியானது என்று தோன்றும். எக்ஸ்னரும் தன் மறுசோதனைகளில், ஒரு வருடம், மூன்று வருடம் கழித்தும் பல மதிப்பெண்களின் ஒட்டுறவுக் கெழு (இரண்டு தடவை எடுத்த மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நின்றதாக எழுதினார். அதன்பின் 2006-இல் பிரான்சிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. நோயாளிகள் அல்லாத 75 பெரியவர்கள், மூன்று மாத இடைவெளி. கெழுக்களின் நடுமதிப்பு 0.5-ஐக் கொஞ்சம்தான் தாண்டியது. சோதனையை நம்பி வேலை செய்தவர்களையே அது யோசிக்க வைத்தது.

0.8-க்கும் 0.5-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். சராசரி 100, பரவல் (திட்ட விலக்கம்) 15 என்று வைத்த அளவுகோலில் ஒருவர் 118 எடுத்திருக்கிறார் என்று கொள்வோம். அந்த மதிப்பெண்ணின் மறுசோதனைக் கெழு 0.85 என்றால், 95 சதவீத உறுதியோடு அவருடைய நிஜ நிலை 107-க்கும் 129-க்கும் நடுவில் என்று சொல்லலாம். சராசரிக்கு மேலே என்பதில் சந்தேகம் இல்லை. கெழு 0.5-ஐ ஒட்டி இருந்தால் அந்த வீச்சு 98 முதல் 138 வரை விரிந்துவிடும். அதாவது அவர் சராசரியான ஆளாகவும் இருக்கலாம், மிக மிக அதிகமானவராகவும் இருக்கலாம். இவ்வளவு அகலமான வீச்சை வைத்துக்கொண்டு 'இவர் இப்படிப்பட்டவர்' என்று ஒற்றை வரி எழுதுவது நியாயமே இல்லை.

கெழு ஏன் இறங்கியது? ஒரு பெரிய காரணம், ஆள் எத்தனை பதில் சொல்கிறார் என்பது. பழைய முறையில் ஒருவர் முதல் தடவை 16 பதில் சொல்லிவிட்டு, அடுத்த தடவை வேறொரு சோதனையாளர் முன் மனம் திறந்து 34 பதில் சொல்ல இடம் இருந்தது. பதில் எண்ணிக்கை இரட்டித்தால் அதன் அடியில் எண்ணுகிற எல்லாமே ஆட்டம் காணும். பிரெஞ்சு ஆய்விலும், எவ்வளவு ஈடுபாட்டோடு பதில் சொன்னார்கள், அந்த நேரத்தில் எவ்வளவு மன நெருக்கடியில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்து நிலைத்தன்மை கூடிக் குறைந்தது. 2011-இல் வந்த ஆர்-பாஸ் என்ற புதிய முறை இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. ஒரு அட்டைக்கு இரண்டு, வேண்டுமானால் மூன்று பதில் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். நான்கு வந்ததும் அட்டையை வாங்கிவிடுவார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பே, 1961-இல், ஹோல்ட்ஸ்மன் என்பவர் இன்னும் கறாரான வழியைக் கண்டார்: 45 தடங்கள், ஒரு தடத்துக்கு ஒரே பதில், அதோடு மறுசோதனைக்கென்றே இணையான இன்னொரு தொகுதி. அளவிடும் கருவியாக அதுவே மேல் என்று நான் நினைக்கிறேன். ஆனால் ரோர்ஷாக்கின் புகழ் அதற்குக் கிடைக்கவில்லை.

புயலில் எடுத்த சோதனை

இனி சொல்லப்போவது நம் கடற்கரைக்கு நேரடியாகத் தொடர்புடையது. மதிப்பெண் மாறிவிட்டால் கருவி கோளாறு என்று உடனே முடிவு கட்டக்கூடாது. தோவாளைச் சந்தையில் விடியற்காலை ஒரு கிலோ நிறுத்த பிச்சிப்பூ, உச்சி வெயிலில் அதே தராசில் ஒரு கிலோ நிற்காது. தராசில் குறையில்லை, பூ வாடியிருக்கிறது. மைத்தடச் சோதனையிலும் தராசு ஆடுவதால் வரும் மாற்றம் உண்டு, ஆளின் நிலை மாறியதால் வரும் மாற்றமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு ஷாலிட் என்பவர் 1965-இல் வெளியிட்ட ஆய்வைப்போல் நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இஸ்ரேல் கடற்படையில் சேர்ந்தபோது மைத்தடச் சோதனை எடுத்திருந்த 20 பேரை, ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, சிறிய கப்பல் ஒன்றில் கடும் புயலுக்கு நடுவிலேயே மறுபடி சோதித்தார்கள். மனிதர் அசைவது, விலங்கு அசைவது போன்ற பதில்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. ஒரே ஒரு வகை கூடியது: உயிரற்ற பொருளின் அசைவு. ஏதோ விழுகிறது, வெடிக்கிறது, சுழல்கிறது, காற்றில் அடித்துப் போகிறது என்ற மாதிரிப் பதில்கள். தன் கையில் இல்லாத சக்தி ஒன்று தன்னைப் போட்டு அலைக்கழிக்கிறது என்ற உணர்வோடு இந்தக் குறியீடு சேர்ந்து வருவதாகப் பிறகு வந்தவர்களும் கண்டார்கள். இதோடு, மையின் அடர்த்தி வேறுபாட்டை வைத்துச் சொல்லும் ஒரு வகைப் பதிலும் அந்தந்த நேரத்து நெருக்கடியைக் காட்டுவது. எக்ஸ்னருடைய மறுசோதனைகளில் மற்ற மதிப்பெண்கள் நிலையாக நின்றபோதும் இந்த இரண்டின் கெழு மட்டும் தாழ்ந்தே இருந்தது. அப்படித் தாழ்ந்திருப்பதுதான் சரி. நெருக்கடி நிலையாக இருக்கக்கூடாது.

2017 நவம்பர் 30-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். ஒக்கி வந்த அன்று தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து ஆழ்கடல் படகுகள் கடலில் கிடந்தன. தப்பி வந்த ஒருவருக்கோ, வராத ஒருவரின் மகனுக்கோ அடுத்த மாதமே இந்தச் சோதனையை எடுத்திருந்தால் இந்தக் குறியீடுகள் ஏறித்தான் இருக்கும். ஏறியிருக்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். ஆனால் அந்த மாதத்துத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, இவரது ஆளுமையே பதற்றமானது, சூழ்நிலையைத் தாங்கும் சக்தி இயல்பிலேயே குறைவு என்று எழுதினால், அந்தப் பிழை ஒரு ஆயுளுக்குக் கூட வரும்.

இது கற்பனைப் பயமில்லை. கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பையன் கப்பல் வேலைக்கான பயிற்சியில் சேர ஆசைப்படுகிறான். தாய்க்கு மனசில்லை. பிளாஸ்டிக் உறையில் இருந்து ஒரு பழைய அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார். "உள்ளுக்குள்ள நிம்மதி இல்லாத பிள்ளைன்னு எழுதியிருக்கு சார். அவ்வளவு தூரத்துக்கு ஒத்தையில எப்பிடி விட?" பையன் ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வரியைக் கேட்டே வளர்ந்தவன் அவன்.

அறிக்கை மொத்தம் ஒன்றரைப் பக்கம். எந்த முறையில் மதிப்பிட்டார்கள் என்று இல்லை. எத்தனை பதில் சொன்னான் என்று இல்லை. ஒரு மதிப்பெண்கூட இல்லை. முடிவுகள் மட்டும் இருந்தன, அதுவும் 'இவர் இத்தகைய ஆளுமை உடையவர்' என்ற தொனியில். தேதியைப் பார்த்தேன். அப்பா எப்போது இறந்தார் என்று கேட்டேன். கடலில் போன அப்பாவின் காரியம் முடிந்த இரண்டாம் மாதம் எடுத்த சோதனை அது. பையன் அப்போது பிளஸ் ஒன். அப்பாவின் சாவைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல் கிடையாது. எனக்கு அந்த ஒன்றரைப் பக்கத்தின் மேல் இப்போதும் கோபம் அடங்கவில்லை. எழுதியவர் பொய் எழுதவில்லை. அந்த மாதத்தில் அந்தப் பையனுக்கு நிம்மதி இருந்திருக்காது. ஆனால் ஒரு துக்கத்தை அவர் சுபாவமாக எழுதிக் கொடுத்துவிட்டார். பையனிடம் தனியாகவும் தாயிடம் தனியாகவும் நிறைய நேரம் பேசி, வேறு சோதனைகளும் வைத்துப் பார்த்த பிறகு, அந்த அறிக்கை இன்றைய அவனைச் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். தாய் அதையும் பழைய உறையிலேயே வைத்துக்கொண்டார். பழையதைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அதுவும் ஒரு பதிவுதான், தேதியோடு படித்தால்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். எட்டு வயதில் தொடங்கி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, பதினாறு வயது வரை அதே பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்த எக்ஸ்னர் குழு, பெரும்பாலான மதிப்பெண்கள் பதினான்கு, பதினாறு வயதில்தான் நிலைகொள்ளத் தொடங்குவதாகக் கண்டது. சில நாள் இடைவெளியில் நிலையாக நிற்கிற அதே எட்டு வயதுப் பிள்ளையின் மதிப்பெண் இரண்டு வருட இடைவெளியில் நிற்பதில்லை. வளர்கிற பிள்ளை மாறத்தானே செய்யும். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கில் மூன்றாம் வகுப்பில் எடுத்த அறிக்கையை எட்டாம் வகுப்பில் எடுத்து நீட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாரோடு ஒப்பிட்டு?

காலத்தைத் தாண்டி மதிப்பெண் நின்றாலும் இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 'அதிகம்', 'குறைவு' என்று சொல்வது யாரோடு ஒப்பிட்டு? எக்ஸ்னர் முறையின் அடித்தளம் அமெரிக்காவில் நோயாளிகள் அல்லாத 700 பெரியவர்களின் பதிவுகள். அந்த 700-இல் 221 பதிவுகள் தவறுதலாக இரண்டு தடவை எண்ணப்பட்டவை என்பது பல வருடம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அதற்கு முன்பே, 1999-இல் கலிபோர்னியாவில் சாதாரண ஆட்களிடம் எடுத்த ஒரு தொகுதியை எக்ஸ்னர் அளவுகோலில் வைத்தபோது, வேலைக்குப் போய் குடும்பம் நடத்துகிற பலரும் கோளாறு உள்ளவர்கள் போலத் தெரிந்தார்கள். ஜேம்ஸ் வுட், ஸ்காட் லிலியன்ஃபெல்ட், ஹோவர்ட் கார்ப் முதலான உளவியலாளர்கள் இதையெல்லாம் முன்வைத்து வருடக்கணக்கில் விமர்சித்தார்கள். கார்ப் 1999-இல் ஒரு படி மேலே போய், இந்தக் குழப்பம் தீரும்வரை மருத்துவத்திலும் நீதிமன்றத்திலும் இந்தச் சோதனையை நிறுத்தி வையுங்கள் என்றார்.

2007-இல் 17 நாடுகளின் 4,704 பெரியவர்களின் பதிவுகளைச் சேர்த்து ஒரு சர்வதேச ஒப்பீட்டுத் தொகுதி வெளியானது. பெரிய முன்னேற்றம்தான். அர்ஜென்டினா, பெரு, ஜப்பான், இஸ்ரேல், ஐரோப்பிய நாடுகள் பல அதில் உண்டு. இந்தியா இல்லை. குளச்சல்காரருடைய பதிலை லிஸ்பன்காரருடைய பதிலோடு ஒப்பிடலாமா என்றால், சில மதிப்பெண்களில் ஒப்பிடலாம், சிலவற்றில் யோசிக்க வேண்டும். நம் நாட்டிலும் மைத்தட வேலை நடக்காமல் இல்லை. அலாஸ்காவின் வில்ஃப்ரெட் கேசல் உருவாக்கிய சொமாட்டிக் இங்க்பிளாட் தொகுதியை சண்டிகரின் பி. எல். டூபே உள்ளிட்டவர்கள் இங்கே கொண்டுவந்து நிறைய ஆய்வு செய்திருக்கிறார்கள். ஆனால் அது வேறு படங்கள், வேறு அளவுகோல். அதன் முடிவை ரோர்ஷாக்கின் மேல் ஏற்றக்கூடாது.

இத்தனைக்கும் நடுவில் இந்தச் சோதனையை அடியோடு தள்ளவும் நான் தயாரில்லை. 2013-இல் ஜோனி மிஹுராவும் மற்றவர்களும் எக்ஸ்னர் முறையின் 65 மதிப்பெண்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். சிந்தனை ஒழுங்கு குலைவதையும், உள்ளதை உள்ளபடி பார்க்கும் திறன் சிதைவதையும் காட்டும் மதிப்பெண்களுக்குத்தான் மிக வலுவான ஆதாரம் கிடைத்தது. வேறு பலவற்றுக்கு ஆதாரம் மெலிந்திருந்தது, சிலவற்றுக்கு ஏறக்குறைய இல்லவே இல்லை. அதைப் படித்த வுட் குழு, சிந்தனைக் குழப்பம் சார்ந்த மதிப்பெண்களுக்கு மட்டும் தாங்கள் கேட்ட தடையைத் தளர்த்திக்கொள்வதாக 2015-இல் எழுதியது. இருபது வருடம் எதிர்த்தவர்கள் ஆதாரத்தைப் பார்த்து ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு இந்த விவகாரம் முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இது.

ஆகவே, மனச்சிதைவு தொடங்குகிறதா என்று சந்தேகப்படும் ஒரு மருத்துவர், பேசிப் பார்த்ததோடு இந்தச் சோதனையையும் ஒரு துணையாக எடுத்தால் அதற்கு அடிப்படை உண்டு. மருமகள் அனுசரித்துப் போகிற குணமா, மாப்பிள்ளை உள்ளே என்ன நினைக்கிறார் என்று அறிய இதைக் கேட்டால் அடிப்படை இல்லை. அப்படிக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அட்டை விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஒரிஜினல் அட்டைகள் விலை அதிகம். கலர் ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து வைத்துக்கொள்வதும், போன் திரையில் காட்டுவதும் நடக்கிறது. மையின் அடர்த்தி வேறுபாட்டை வைத்து மதிப்பெண் போடுகிற சோதனையில் அடர்த்தியே நகலில் மாறிவிட்டால், அப்புறம் எந்த மறுசோதனைக் கெழுவைப் பேசி என்ன பயன்? படங்கள் இணையத்தில் கிடைப்பதும் சங்கடம்தான். 2009-இல் விக்கிப்பீடியாவில் 10 படங்களும் ஏறியபோது உளவியலாளர்கள் பெரிதாக எதிர்த்தார்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் எடுக்க முடியவில்லை. முன்பே பார்த்துவிட்டேன் என்று சோதனைக்கு வருகிறவர் சொன்னால் அதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

உங்கள் வீட்டு பீரோவில் இப்படி ஒரு அறிக்கை இருந்தால் எடுத்துப் பாருங்கள். எழுதியவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, எந்த முறையில் மதிப்பிட்டார், மொத்தம் எத்தனை பதில், அந்த நேரத்தில் வீட்டில் சாவு, விபத்து, பிரிவு ஏதாவது நடந்திருந்ததா, அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கிறதா, மைத்தடத்தை மட்டுமே வைத்து எழுதிய முடிவா, நேர்காணலும் வேறு சோதனைகளும் சேர்ந்ததா. இவற்றுக்கு விடை இல்லாத அறிக்கையைக் கல்யாணத்துக்கும் வழக்குக்கும் ஆதாரமாகக் கொண்டுபோகிறவர்களிடம் இதே கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம். வக்கீல்களுக்கும் இது உதவும்.

சோதனை நடத்தியவரிடம் இருக்க வேண்டிய மூலப் பதிவுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: ஒவ்வொரு அட்டைக்கும் சொல்லுக்குச் சொல் எழுதிய பதில். அது பத்திரமாக இருந்தால் இன்னொரு உளவியலாளர் அதை முதலிலிருந்து மதிப்பிட முடியும், அப்போது வந்த முடிவு மதிப்பிட்டவரைச் சார்ந்ததா, சொன்னவரைச் சார்ந்ததா என்று பார்க்க முடியும், புதிதாக ஒரு சோதனை எடுத்து வரிக்கு வரி ஒப்பிடவும் முடியும். மனநல சிகிச்சையில் இருப்பவருக்குத் தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு தருகிறது. அறிக்கையை வாங்கும் அன்றைக்கே, மூலப் பதிவை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள் என்று கேட்டு, பதிலை அறிக்கையின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.